அமாவாசைக் காலையில் ஏறிய முள்

இன்று என் அலுவலக ஸ்டோருக்குப் புதிய ரப்பர் கையுறைகள் வந்தன. அட்டைப்பெட்டியைக் கிழித்ததும், உள்ளே தூவியிருந்த வெள்ளைப் பவுடரும் புது ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஸ்டோர்க்காரர் கையெழுத்துக்காக ரிஜிஸ்டரை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். இதே வாடையை நீ ஒருநாள் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "எங்க அப்பா சட்டையில இப்படித்தான் அடிக்கும், புள்ள" என்றாய். அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர்.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும் என்ற பயம்தான்.

அந்தமான் தீவுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில், மெயின்லேண்டில் அந்தக் கல்லூரியில் சேர்ந்த பெண்கள் நாம் இருவர்தான். எங்கள் வீடு போர்ட் பிளேரில், ஷாதிபூரில். அப்பா அரசாங்க வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியவர். நீ தெற்கே, நிக்கோபார் பக்கத்துச் சிறு தீவொன்றில் பிறந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர்த் தோட்ட வேலைக்காக அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம் உன்னுடையது. இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும், விடுமுறைக்கு ஏன் ஊருக்குப் போவதில்லை என்று நான் கேட்டதில்லை. நீ சொன்னதும் இல்லை.

நம் மின்துறை டிப்ளமோ படிப்பில் ஒரு முழு வருடத்தை வேலை இடத்தில் கழிக்கவேண்டும். மற்றவர்கள் அனல்மின் நிலையம், காற்றாலை என்று பட்டியலில் பெயர் எழுத அடித்துக்கொண்டார்கள். நீ மட்டும் நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போய், உன் தீவின் டீசல் பவர்ஹவுஸைக் கேட்டு மனு கொடுத்தாய். இரண்டு பேருக்கு இடம் இருந்தது, போட்டிக்கு யாரும் இல்லை. சோம்பேறித்தனத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

சுனாமி அலை வந்து அது ஆறாவது வருடம்.

கப்பலின் மேல்தட்டில் என் அம்மா கட்டிக்கொடுத்த இட்லியைப் பிட்டுக்கொண்டே நீ சொன்னாய். "எங்க வீட்ல நாலு பேரு. நான் போர்ட் பிளேர் ஹாஸ்டல்ல இருந்தேன். கிறிஸ்மஸ் லீவுக்குப் போகணும், கப்பல்ல டிக்கெட் கெடைக்கல. அழுதேன், தெரியுமா? டிக்கெட் கெடைக்கலன்னு அவ்வளவு அழுதேன்." பிறகு சட்னி காரமாக இருக்கிறது என்றாய். மிச்ச இட்லியை நான் கடலில் போட்டேன்.

ஜெட்டியில் இறங்கியதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை மின்கம்பங்கள். கரையிலிருந்து வரிசையாகக் கடலுக்குள் இறங்கிப் போயிருந்தன. பக்கத்தில் இருந்தது முழங்கால் தண்ணீரில், அடுத்தது இடுப்புத் தண்ணீரில், அதற்கு அடுத்ததில் உச்சி மட்டும் தெரிந்தது. அலையோடு தீவே ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படிப்பதும் பார்ப்பதும் ஒன்றில்லை. தென்னந்தோப்பு இருந்த இடத்தில் தலையில்லாத வெள்ளை மரங்கள் கடலில் நின்றன. ஒரு கம்பத்தில் தெருவிளக்கின் தகரக் குல்லா அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு பறவை. நீ அந்தப் பக்கம் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தாய்.

பவர்ஹவுஸ் மேட்டில் இருந்ததால் தப்பியிருந்தது. மூன்று டீசல் இன்ஜின்கள். ஒன்று ஓடும், ஒன்று ஓய்வில் இருக்கும், ஒன்று எப்போதும் பிரித்துப் போடப்பட்டிருக்கும். பெண்கள் என்பதால் நமக்குக் காலை ஷிப்ட் மட்டும். ஆபரேட்டர் பிஸ்வாஸ் பாபு, வட அந்தமானில் டிக்லிபூர்ப் பக்கத்து வங்காளி. மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். இன்ஜின் இரைச்சலில் இருபது வருடம் இருந்ததால் எதிரில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்.

பேனலில் மூன்று பீடர்கள், மின்சாரம் வெளியே போகும் மூன்று வழிகள். ஒன்று கடைத்தெருவுக்கும் ஜெட்டிக்கும். இரண்டாவது ஆஸ்பத்திரிக்கும் மேட்டில் கட்டிய புது வீடுகளுக்கும். மூன்றாவது கடலோரமாகப் போகும் பழைய லைன். அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தண்ணீர் பம்பு. பம்பு காலை ஆறிலிருந்து எட்டுவரை ஓடும். எட்டுக்குமேல் அந்தப் பீடரின் மூன்று மீட்டர் முட்களும் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். மணிக்கு ஒருமுறை எல்லா முட்களையும் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதவேண்டும். அதுதான் நமக்குக் கொடுத்த முதல் வேலை.

முதல் மாதம் ஒருநாள் காலை, பத்து மணி அளவெடுக்கப் போனேன். மூன்றாவது பீடரில் நடுமுள் எழுந்து நின்றது. ஏழு ஆம்பியர். இரண்டு பக்க முட்களும் அசையவில்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். முள் லேசாக ஆடிவிட்டுத் திரும்ப ஏழிலேயே நின்றது. அந்த லைனில் வீடு இல்லை, கடை இல்லை, ஆள் இல்லை. எழுதலாம் என்று பேனாவை எடுத்தபோது பின்னாலிருந்து பிஸ்வாஸ் பாபு, "மத் லிகோ" என்றார். எழுதாதே என்று. வழக்கமாகக் கத்துகிறவர் அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். இரைச்சலில் எனக்கு எப்படிக் கேட்டது என்றே தெரியவில்லை.

"ஏன்?"

அவர் உன்னைப் பார்த்தார். நீ பேனலுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாய். கடிகாரத்தைப் பார்க்காமலே வந்திருந்தாய்.

"இன்னைக்கு அமாவாசை," என்றாய். "கீழ இருக்கவங்க லைட் போடுறாங்க."

நான் சிரித்தேன். நீங்கள் இருவரும் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் அந்த முள் நின்றது. பிறகு யாரோ கையைப் பிடித்து இறக்கியதுபோல் மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் படுத்தது. மறுநாள் பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்பு எழுந்தது. நான்கைந்து நாள் அப்படி வந்துவிட்டு நின்றுபோயிற்று.

பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லா மாதமும், அமாவாசையை ஒட்டிய நாட்களில், மூன்றாவது பீடரின் கட்டம் காலியாக இருந்தது. நான்கு ஆபரேட்டர்களின் கையெழுத்து. ஒருவரும் அதில் எழுதியிருக்கவில்லை. இரவில் மட்டும் நடந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பளீரென்று வெயிலடிக்கும் காலை பத்து மணிக்கு, கடலுக்குள் யார் விளக்குப் போடுவார்கள்?

நீ எனக்குச் சொன்னதில்லை, ஆனால் நான் பார்த்திருக்கிறேன். முள் எழும் நேரத்தில் பேனலின் இரும்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாய். உதடு அசையும். ஒருநாள் பக்கத்தில் போய்க் காதுகொடுத்துக் கேட்டேன். வரிசையாகப் பெயர்கள். அம்மா, அப்பா, தம்பி, அடுத்த வீட்டு அக்கா, அவளுடைய கைக்குழந்தை. மின் லோடு கூடும்போது ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் ஒரு மூச்சு இறங்கி ஏறும் என்றாய். எனக்கு அது கேட்டதே இல்லை. "மெயின்லேண்ட் காது ஒனக்கு" என்று கேலி செய்தாய். ஷாதிபூரில் பிறந்தவளைப் பார்த்து!

மூன்றாவது மாதம் நான் ரகசியமாக ஒரு வரைபடத் தாளில் நேரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். பௌர்ணமிக்கும் முள் எழுந்தது. லாக்கில் அந்த நாட்களும் காலிதான்; அதை யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளி எழுந்தது. ஜெட்டியில் ஒட்டியிருந்த, கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. கடல் மிக உயரமாக ஏறும் நாட்களில், மிக உயரமாக ஏறும் நேரத்தில், தண்ணீர் எங்கோ ஓர் உயிருள்ள கம்பியைத் தொடுகிறது. அலைக்குப் பிறகு அவசரத்தில் லைனை மீட்டபோது, செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்த ஒரு கிளை சேர்ந்தே உயிர் பெற்றிருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நிக்கோபாரி மனிதர் வந்தார். மேட்டு வீடுகளில் இருப்பவர், நண்டு பிடிக்கக் கீழே போகிறவர். பவர்ஹவுஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பழைய ஸ்கூல் கிட்ட பானி காட்தா ஹை."

அங்கே தண்ணீர் கடிக்கிறது.

அவருடைய நாய் முன்னால் நீந்திப் போயிருக்கிறது. சுவரை நெருங்கியதும் குரைக்காமல், துள்ளாமல் அப்படியே அமிழ்ந்துவிட்டதாம். அதைத் தூக்கப் போனவருக்கு இடுப்புக்குக் கீழே யாரோ பல்லால் பிடித்ததுபோல் இருந்ததாம். "நாங்கள் அங்கே இனிப் போகமாட்டோம். ஆனால் பெண்கள் போகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் குவார்ட்டர்ஸில் நான் தாளை எடுத்து உன் முன்னால் விரித்தேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். ஒருமுறை பார்த்தாய், திரும்பவும் முறத்தைப் பார்த்தாய்.

"தெரியும்," என்றாய்.

"என்ன தெரியும்?"

"கடலு ஏறுற நேரம் எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததே அங்கிட்டுத்தான். மொத மாசமே கணக்குப் பாத்துட்டேன். ஒன்ன மாதிரி கோடு போடல, அவ்வளவுதான்."

"அப்ப எதுக்குடீ விளக்குப் போடுறாங்கன்னு சொன்ன?"

"பிஸ்வாஸ் பாபு அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்காரு. அவர் தங்கச்சியும் கீழதான் இருந்துச்சு, புருஷனோட." நீ முறத்தைக் கீழே வைத்தாய். "சொன்னா வந்து வெட்டிருவாங்க. அங்க இப்ப வீடு இல்ல, மரம் இல்ல, மண்ணுகூட இல்ல. அந்த ஏழு ஆம்பியர்தான் இருக்கு. அதையும் வெட்டணுமா?"

"ஒரு ஆள் செத்தா?"

நீ முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாய். "நாய் செத்துச்சுல்ல," என்றாய், உனக்கு நீயே. பிறகு எழுந்து போய் அரிசியைக் கழுவினாய். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னாய், "வேற யாரும் வெட்ட வேணாம். நான் வெட்டுறேன்."

மறுநாள் கடல் வற்றும் நேரத்தில் புறப்பட்டோம். நீ எல்லாவற்றையும் சொன்ன பிறகு, பிஸ்வாஸ் பாபு மூன்றாவது பீடரின் ஸ்விட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாமல் அதில் சிவப்புத் துணியைக் கட்டினார். நாம் திரும்பும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்று பிறகு தெரிந்தது. லைன்மேன் ஏணியைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். பழைய சாலை தாரோடு தண்ணீருக்குள் இறங்கியது. நாம் அதன்மேல் கணுக்கால் நனைய நடந்தோம். நீ வழிகாட்டிக்கொண்டே வந்தாய். இது ரேஷன் கடை. இது தண்ணித் தொட்டி. இங்கே சைக்கிள் கடை. நீ கைநீட்டிய இடங்களில் எல்லாம் வெறும் சேறும் சிப்பியும் இருந்தன. நானும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன். ஒருமுறை "இங்க பாத்து வா, படி இருக்கு" என்றாய். காலை வைத்தேன். சேற்றுக்கடியில் நிஜமாகவே படி இருந்தது.

பள்ளிக்கூடத்தின் ஒற்றைச் சுவர் நின்றது. கம்பத்திலிருந்து வந்த வயர் ஜன்னல் வழியாகத் தொங்கி, என் தோள் உயரத்தில் முடிந்திருந்தது. சுவர் முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பியிருந்தன. வயரின் நுனியைச் சுற்றி ஒரு பாயளவு இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. சிமென்ட் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மற்ற கம்பியெல்லாம் பச்சை பூத்திருக்க, அந்த நுனி மட்டும் புதிதாகச் சீவிய பென்சில்போல் பளபளத்தது. என் உடம்பு சிலிர்த்தது. அறிவுக்கு எல்லாம் புரிந்திருந்தும் சிலிர்த்தது.

"உங்க வீடு எங்க?" என்றேன்.

நீ சுவருக்கு அப்பால் காட்டினாய். அந்தப் பக்கம் கடல் மட்டும்தான்.

ஈரம் ஏறாத கடைசிக் கம்பம் நூறு அடி பின்னால் இருந்தது. நீ கையுறையை மாட்டி, லைனில் உயிர் இல்லை என்று சோதித்துவிட்டு, ஏணியில் ஏறினாய். லைன்மேன் ஏணியைப் பிடித்தார். நான் உன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டரை வைத்துவிட்டு நீ அமுக்கவில்லை. கடல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் சத்தமாகவே பேசினாய், பக்கத்து அறையில் இருப்பவர்களிடம் பேசுவதுபோல.

"அம்மா, கரண்ட்ட வெட்டுறேன். கோவிச்சுக்காதீங்க. நாங்க எல்லாம் மேட்டுக்கு வந்துட்டோம். இங்க பொம்பளைங்க நண்டு புடிக்க வாறாங்க."

பிறகு அமுக்கினாய். கம்பி அறுந்து கம்பத்தில் ஒருமுறை மோதியது. லைன்மேன் தொப்பியைக் கழற்றினார். திரும்பும் வழியில் நீ எந்த வீட்டையும் காட்டவில்லை.

அடுத்த அமாவாசை அன்று நாம் மூவரும் பேனலுக்கு முன்னால் நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தானாகவே வந்துவிட்டோம். கடல் ஏறும் நேரம். பிஸ்வாஸ் பாபு டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நீ பேனலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இன்ஜின் பக்கம் காதை வைத்திருந்தாய். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். மற்றப் பீடர்களின் முட்களும் நின்ற இடத்திலேயே நின்றன.

"இப்ப," என்றாய்.

முள் அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நீ கண்ணைத் திறந்து முதலில் முள்ளைப் பார்த்தாய், பிறகு என்னை. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

"இன்ஜின் மூச்சு இறங்குச்சு. ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல," என்றேன்.

"நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன். ஒண்ணும் இல்ல."

பிஸ்வாஸ் பாபு டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நீ லாக் புத்தகத்தை இழுத்து, அத்தனை வருடமாக எல்லோரும் காலியாக விட்டிருந்த அந்தக் கட்டத்தில், வட்டமாக, கவனமாக ஒரு பூஜ்யம் எழுதினாய். அன்று மாலை நீ அழுதாய். கப்பல் டிக்கெட்டுக்கு அழுததற்குப் பிறகு இப்போதுதான் அழுகிறேன் என்றாய். மூக்கைச் சிந்திவிட்டு, மீன் வாங்கப் போவோமா என்று கேட்டாய்.

வருடம் முடிந்தது. படிப்பும் முடிந்தது. நான் மெயின்லேண்டில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ அதே பவர்ஹவுஸுக்கு ஜூனியர் இன்ஜினீயராகத் திரும்பிப் போனாய். டவர் இருக்கும் நாட்களில் போன் வரும். பழைய ஸ்கூல் பக்கம் பெண்கள் இடுப்புத் தண்ணீரில் நின்று நண்டு பிடிக்கிறார்கள் என்பாய். உனக்கும் ஒரு கூடை கொடுத்தார்களாம்.

கடைசியாகப் பேசியபோது உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்றாய். பேச்சு எங்கெங்கோ போய், சம்பந்தமே இல்லாமல் சொன்னாய்: "அன்னைக்கு நீ இல்லன்னு சொன்ன பாரு, அதுலதான் நான் பொழைச்சேன், புள்ள. கேட்டுச்சுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே போயி கம்பிய சேத்துருப்பேன். அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளதான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

நான் ம் என்றேன். லைன் அறுந்துவிட்டது.

மழை. உன்னைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக மூன்று நாள் கப்பல் வரவில்லை, ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. நான்காம் நாள் பிஸ்வாஸ் பாபு போன் செய்தார். எப்போதும்போலக் கத்தினார். மேட்டில் அடக்கம் செய்தோம், தீவே வந்தது, நிக்கோபாரிகளும் வந்தார்கள், தனியாகப் போகவில்லை என்று அழுகையோடு கத்தினார். நான் அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். நீ "இப்ப" என்று சொல்வதற்கு அரை நொடி முன்பே, அந்த இன்ஜின் ஒரு மூச்சு இறங்கி ஏறியது. அந்த வருடத்தில் முதன்முறையாக எனக்கு அது கேட்டது. காலுக்கடியில் தரையிலும் உணர்ந்தேன். டீசலில் காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம், இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் ஒருமுறை தடுக்கியிருக்கலாம். இத்தனை வருட வேலை அனுபவத்தில் எனக்குப் பத்துக் காரணங்கள் தெரியும். எதுவும் கடல் ஏறும் அந்த நிமிடத்தை ஏன் தேர்ந்தெடுத்தது என்று சொல்வதில்லை.

சொன்னால் நீ கம்பியைச் சேர்த்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால் பொய் சொன்னேன். அந்தப் பெண்களுக்காகச் சொன்ன பொய் அது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சத்தம் உன் மண்டைக்குள் இல்லை. நீ சரியாகத்தான் கேட்டாய். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது, போன் இருந்தது, கடைசியில் நீயே பேச்சை எடுத்துக்கூடக் கொடுத்தாய். நான் ம் என்றேன்.